பட்டைக்கு மேலும் கீழும்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்தில் பிறந்தது. நல்ல கதைகள் வலியில் பிறக்கும், காதலில் பிறக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். இது ‘வாடிக்கையாளர் குறைகள்’ என்ற கோப்பில் பிறந்தது. எழுதியவர் ஓர் ஆய்வு மாணவி. எழுதியது நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு. குறை கேட்பதற்கென்று எங்களிடம் ஆள் யாரும் இல்லாததால் அது சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் கம்பெனி ஆன்டிபாடி விற்கிறது. ஒரு புரதத்தின் சிறு துண்டை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், அந்தப் புரதத்தை எங்கே கண்டாலும் பிடித்துக்கொள்ளும் காவல்காரன் ஒருவன் முயலின் ரத்தத்தில் உருவாவான். அவன்தான் ஆன்டிபாடி. ரத்தத்தை எடுத்து, வடித்து, சுண்டுவிரல் உயரக் குப்பியில் அடைத்து ஆய்வகங்களுக்கு அனுப்புவோம். (தன் ரத்தம் விமானம் ஏறுவது முயலுக்குத் தெரியாது.) குப்பியோடு, சோதனைப் படமும் விவரமும் போட்ட ஒரு தாளும் போகும். அந்தத் தாளை எழுதுகிறவன் நான். பதினோரு வருஷமாக எழுதுகிறேன். பத்திரிகைகளில் வந்த என் சிறுகதைகளை மொத்தம் நாற்பது பேர் படித்திருக்கலாம், அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். என் தாள்களைப் பல்லாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என் நடையைப் பாராட்டி ஒரு வரி போட்டதில்லை.

இனி கடிதம்:

“ஐயா, நான் ஆறாம் ஆண்டு ஆய்வு மாணவி. உங்கள் செரோடோனின் ஏற்பி ஆன்டிபாடியை முதல் ஆண்டிலிருந்து பயன்படுத்துகிறேன். அந்த ஏற்பியே இல்லாத எலியின் மூளையிலும் அது ஏற்பியைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.”

இதற்குப் பிறகு இரண்டு வரிகள் உண்டு. கதைக்கு அவை தேவையில்லை என்பதால் வெட்டிவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது?

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஆய்வகத்தின் ஜன்னலோரமாக நின்று அவள்’

இல்லை. அந்த மாதிரி அறைகளுக்கு ஜன்னல் இருக்காது. குளிர்பெட்டிகளின் உறுமல் மட்டும் இருக்கும்.

‘செரோடோனின் என்பது நம் மகிழ்ச்சியின்’

ஐயோ, வேண்டாம். வாரப் பத்திரிகையின் நலவாழ்வுப் பக்கத்தில் போய் முடியும். செரோடோனின் மூளைக்குள் ஓடும் ஒரு தூதன், அவ்வளவுதான். அவன் வந்து கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் ஏற்பி என்ற புரதம். நம் கதைக்கு இது போதும்.

‘அவள் பிளேடை எடுத்தாள்.’

ஆங். இதை வைத்துக்கொள்வோம். நீங்கள் பயந்துவிட்டீர்கள், எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அவள் பிளேடு எடுத்தது ஒரு வெள்ளைத் தாளை வெட்டத்தான். எலியின் மூளையைக் கூழாக்கி, ஜெல் என்ற வழவழப்பான பலகைக்குள் மின்சாரம் விட்டு ஓட்டுவார்கள். கனமான புரதம் மேலேயே தங்கும், லேசானது கீழே ஓடிவிடும். அந்த வரிசை கலையாமல் அப்படியே ஒரு மெல்லிய வெள்ளைத் தாளுக்கு மாற்றுவார்கள். அதற்கு மெம்பரேன் என்று பெயர். மெம்பரேன் மீது ஆன்டிபாடியை ஊற்றி ஆட்டினால், தனக்குரிய புரதம் நிற்கும் இடத்தில் மட்டும் போய் அது ஒட்டிக்கொள்ளும். படம் எடுத்தால் ஒட்டிய இடம் கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

பிளேடு எதற்கு என்றால், அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். ஆன்டிபாடி ஊற்றுவதற்கு முன்பே, ஏற்பி நிற்கவேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலேயும் ஒரு விரற்கடை கீழேயும் மெம்பரேனை வெட்டிவிடுவார்கள். நடுத்துண்டு மட்டும் தொட்டிக்குப் போகும், மீதி குப்பைக்கூடைக்கு. ஆன்டிபாடி குறைவாகச் செலவாகும் என்று யாரோ தொடங்கிவைத்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டார்கள். ஆறு வருஷத்தில் அவள் வெட்டாத மெம்பரேன் ஒன்றுகூட இல்லை. துண்டில் எப்போதும் ஒரே ஒரு பட்டைதான் வரும். தடித்து, கறுத்து, நல்ல மீசை மாதிரி.*

* ஒரு வீட்டு வாசலை மட்டும் படம் எடுத்துவிட்டு, இந்தத் தெருவில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது என்று சத்தியம் செய்வது போல. சத்தியம் செய்கிறவர் பொய்யர் இல்லை. அவர் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியதே இல்லை.

3

அவளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். கடிதத்தின் கீழே அவள் பெயர் இருக்கிறது. அதைப் போட எனக்குத் தைரியம் இல்லை. ஆய்வகத்தில் அவளை எல்லோரும் முகத்துக்கு நேரே அக்கா என்றும், முதுகுக்குப் பின்னால் ஆறாம் வருஷம் என்றும் சொல்வதாக வைத்துக்கொண்டேன். ‘ஆறாம் வருஷம் வந்துட்டாங்களா?’ ‘ஆறாம் வருஷம் இன்னிக்குக் கோவமா இருக்காங்க.’ ஐந்தாம் வருஷம் வரை அவளுக்கும் பெயர் இருந்திருக்கும்.

அவள் ஒழுங்குக்காரி. குழாய்கள் ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய ஒட்டுநாடா ஒட்டியிருப்பாள். இடுக்கியைத் துடைத்து இடப்பக்கம் வைப்பாள். யாராவது வலப்பக்கம் வைத்தால் எடுத்து மாற்றுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஏன் மெம்பரேனை வெட்டவில்லை?

இந்த இடத்தில் பெரிய காரணமாக ஏதாவது சொல்ல எனக்கு ஆசைதான். உள்ளுணர்வு, சந்தேகத்தின் விதை, இப்படி ஏதாவது. உண்மையில் (என் உண்மையில்) பிளேடுப் பெட்டி காலி. பொருளறைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவள், ‘ஒரு தடவைதானே’ என்று முழு மெம்பரேனையும் அப்படியே தொட்டியில் போட்டாள். ஆன்டிபாடியைத் தாராளமாக ஊற்றும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது, அதுவும் வீணாகிறதே என்று மட்டும்.

படத்தில் ஆறு பட்டைகள் தெரிந்தன.

அவள் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். இதை நான் கண்டுபிடித்து எழுதவில்லை, கடிதத்தின் தொனியிலேயே இருக்கிறது. சரியாகக் கழுவவில்லையோ, கரைசலில் உப்பு கூடிவிட்டதோ என்று மறுபடி செய்தாள். ஆறு. மூன்றாம் தடவையும் ஆறு. எடை அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அந்த மீசை மட்டும் சரியான இடத்தில் நின்றது. மற்ற ஐந்தும் யாரென்றே தெரியாத ஆட்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது மாதிரி, நம் காவல்காரன் கண்டவர்களையெல்லாம் பிடித்துவைத்திருந்தான்.

பிறகுதான் அவள் செய்யவேண்டியதைச் செய்தாள். பிறவியிலேயே அந்த ஏற்பி இல்லாதபடி வளர்த்த எலிகள் இன்னொரு ஆய்வகத்தில் இருந்தன. எழுதிக் கேட்டாள். பனிக்கட்டிப் பெட்டியில் மூளை வந்தது. இடப்பக்கம் சாதாரண எலி, வலப்பக்கம் ஏற்பி இல்லாத எலி. வலப்பக்கத்தில் மற்ற ஐந்து பட்டைகள் வந்தாலும் வரட்டும், அந்த ஒன்று மட்டும் வரக்கூடாது.

வந்தது. அதே இடத்தில், அதே தடிமனில், அதே மீசை.

இல்லாத ஊருக்கு வழி சொல்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது அந்த ஊருக்குப் போய் இறங்கி, நின்று படமும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். ஆறு வருஷமாக எதை அளந்துகொண்டிருந்தோம்? எந்தப் புரதமோ, அதற்கு என்ன பெயரோ. அதன் ஏற்ற இறக்கங்களை ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பது போலத் தினமும் குறித்துவைத்திருந்தாள்.

4

(இந்தப் பகுதி இட நெருக்கடி காரணமாக வெட்டப்பட்டது.)

5

கதைக்கு ஒரு வில்லி வேண்டும். ஆய்வகத் தலைவியை அதற்காகத்தான் கூட்டிவந்தேன். அவளை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“என்னம்மா இது, ஜன்னல் கம்பி மாதிரி?”

“வெட்டாம போட்டேன் மேடம்.”

“ஏன் வெட்டல?”

“பிளேடு இல்ல மேடம்.”

“பிளேடு இல்லன்னா வாங்கிட்டு வரணும். இப்படி ஊர்வம்ப எல்லாம் இழுத்துட்டு வரக்கூடாது.”

“வலது பக்கம் பாருங்க மேடம். ஏற்பியே இல்லாத எலி. அதுலயும் நம்ம பட்டை இருக்கு. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

மேடம் பார்த்தாள். பார்க்காதது மாதிரியும் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து கம்பெனித் தாளை எடுத்து மேசைமேல் போட்டாள்.

“இதப் பாரு. ஒரே பட்டை, சுத்தமா இருக்கு. அவங்களுக்கு வருது, ஊர் உலகத்துக்கெல்லாம் வருது, உனக்கு மட்டும் வரலன்னா தப்பு யார் மேல? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.”

“மேடை நெசமாவே கோணலா இருந்தா என்ன பண்றது மேடம்?”

குளிர்பெட்டி உறுமியது. மேடம் கண்ணாடியை இறக்கி மாட்டினாள்.

“பதினெட்டாம் தேதியோட உன் பதிவு முடியுது. ஆறு வருஷம், அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. பழைய படத்தையே வச்சு ஆய்வேட்டைக் குடு, நாளைக்கே கையெழுத்துப் போடறேன். இல்ல, தப்பு என் கையில இல்ல, ஆன்டிபாடியிலதான்னு சொல்றியா? கம்பெனிக்காரன் தன் வாயால சொல்லட்டும். நான் மேல போய்ப் பேசி ஆறு மாசம் வாங்கித் தரேன். வெறும் உன் பேச்ச வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கறது?”

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். வில்லி எனக்குச் சரியாக வரவில்லை. மேடத்துக்கு அந்த ஆன்டிபாடியை வைத்து எட்டுக் கட்டுரைகள் இருக்கின்றன. எட்டும் அந்த ஒற்றை மீசையைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வலப்பக்கப் பட்டையைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள். அதை ஆறாம் வருஷம் கவனித்தாள். கவனித்ததும் கோபத்தோடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பாவப்படுவதற்கு இது நேரமா என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

6

அவளுக்கு ஒரு கணவன் வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். ஏன் லிஃப்ட் மெக்கானிக் என்று கேட்பீர்கள். எனக்கு ஓர் உவமை தேவைப்பட்டது, அதற்காக ஓர் ஆளைக் கல்யாணம் செய்துவைத்தேன். நான் செய்த பாவங்களில் இது சின்னது.

காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும் முன் கால்சட்டைப் பையில் திருப்புளிகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

“ஏங்க, என் கைதான் சரியில்லையோ?”

“இதையே நாலு நாளா கேக்கற. சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

சொன்னாள். அவன் திருப்புளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு முழுதும் கேட்டான்.

“மூணாம் மாடி பட்டன அமுக்கறேன். லிஃப்ட் ஒண்ணுல நிக்குது, ரெண்டுல நிக்குது, மூணுல நிக்குது, எல்லாத்துலயும் நின்னுட்டுப் போகுது. மூணுலயும் நின்னுச்சு பாத்தீங்களான்னு ஒருத்தன் சொன்னா நான் ஒத்துக்குவேனா? அதுவும் மூணாம் மாடியே இல்லாத கட்டடத்துல மூணுல நின்னேன்னு சொல்லுதாமே! கோளாறு லிஃப்ட்லதான், உன் வெரல்ல இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆறு வருஷத்தில் யாரும் அவளிடம் ‘உன் விரலில் இல்லை’ என்று சொன்னதில்லை.

“இத உங்க மேடத்துக்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“லிஃப்ட் பண்ணவனே வந்து ஒத்துக்கணுமாம்.”

“அப்ப கம்பெனிக்கு எழுது.”

“எழுதிட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் வரல.”

(அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.)

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: அவள் பழைய படத்தைப் போட்டு ஆய்வேட்டைக் கொடுக்கிறாள். முனைவர் ஆகிறாள். சில வருஷம் கழித்து அவளுக்கே ஓர் ஆய்வகம் கிடைக்கிறது. முதல் நாள் வந்த மாணவியிடம் சொல்கிறாள்: “இங்கயும் இங்கயும் வெட்டிடும்மா. ஆன்டிபாடி மிச்சமாகும்.”

இரண்டாம் முடிவு: அவள் மறுக்கிறாள். பதினெட்டாம் தேதி போகிறது, பதிவும் போகிறது. தலை நிமிர்ந்து வெளியே வருகிறாள். (இங்கே காற்று வீசலாம்.) வாசகர் கண்ணில் நீர். ஆறு மாதம் வேலை தேடுகிறாள். கடைசியில் ஒரு கம்பெனியில் ஆன்டிபாடித் தாள் எழுதும் வேலை கிடைக்கிறது. எனக்குப் பக்கத்து மேசை.

மூன்றாம் முடிவு: மேடத்தின் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. எட்டுக் கட்டுரைகளையும் திரும்பப் பெறுகிறாள். இதை நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லையா? நானும் தூக்கவில்லை.

மூன்றையும் எழுதி வைத்துவிட்டு மறுபடி படித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மூன்றும் அந்த ஆய்வகத்துக்குள்ளேயே நடக்கின்றன. அவள் முடிவெடுக்கிறாள், மேடம் முடிவெடுக்கிறாள். என் மேசைப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக வெட்டியிருக்கிறேன் பாருங்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன், அந்தக் கதைதான்.

8

(பத்திரிகை ஆசிரியருக்கு: இடம் போதவில்லை என்றால் ஏழாம் பகுதியை எடுத்துவிடுங்கள். இதை வெட்டாதீர்கள்.)

கடிதத்தில் நான் வெட்டிய இரண்டு வரிகள் இவை:

“உங்கள் தாளில் இருக்கும் படத்தின் வெட்டாத முழு வடிவம் இருந்தால் பதினெட்டாம் தேதிக்குள் அனுப்பி உதவுங்கள். அதில் ஒரே பட்டைதான் இருக்கிறது என்றால், தவறு என் கையில்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.”

கதையில் நான் வெட்டிய நான்காம் பகுதி இது:

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் வாரம். விற்பனை மேலாளர் என் பின்னால் வந்து நின்றார். கணினித் திரையில் செரோடோனின் ஏற்பி ஆன்டிபாடியின் சோதனைப் படம் இருந்தது.

“எத்தன பட்டை இருக்கு?”

“ஆறு சார்.”

“நாம விக்கறது எத்தன புரதத்துக்கு?”

“ஒண்ணுக்கு சார்.”

“அப்பறம் என்னப்பா முழிச்சிட்டிருக்க? வெட்டு.”

வெட்டினேன். கத்திரிக்கோல்கூட வேண்டாம், மேலே ஓர் இழுப்பு, கீழே ஓர் இழுப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் மெனக்கெட வேண்டும், படத்தில் மறைப்பது சுலபம். படத்துக்குக் கீழே ஒரு வாக்கியம் வேண்டும் என்றார். எழுதினேன்: ‘இந்த ஆன்டிபாடி செரோடோனின் ஏற்பியை மட்டும் துல்லியமாக அடையாளம் காண்கிறது.’

‘மட்டும்’ என்ற சொல்லை அவர் கேட்கவில்லை. வாக்கியத்துக்கு ஓசை பத்தவில்லை என்று நானே சேர்த்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அந்த வாக்கியத்தை இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப்பார்த்து ரசித்ததுகூட நினைவிருக்கிறது. அச்சில் வந்த என் முதல் புனைவு அதுதான். அவள் ஆறு வருஷம் அதற்குள் குடியிருந்திருக்கிறாள்.

கடிதத்தோடு அவள் அனுப்பிய படத்தையும் என் கணினியில் இருக்கும் முழுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையதில் ஆறு, என்னுடையதிலும் ஆறு. அதே இடங்களில். மூன்றாவது மட்டும் மீசை மாதிரி தடிப்பாக, அதற்குக் கீழே இரண்டு ஒட்டி ஒட்டி, எல்லாம் அச்சாக அப்படியே. அவள் கை மிகச் சுத்தமான கை. இந்த விஷயத்தில் உலகத்திலேயே இதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

9

மேலாளரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் இப்போது இயக்குநர், தலைமுடி போய்விட்டது, பேச்சு மாறவில்லை. “குப்பியைக் குளிர்ல வச்சாங்களான்னு கேட்டு ஒரு வரி போடு. எல்லாருக்கும் அதுதானே போடறோம்? படம் கிடம் அனுப்பித் தொலைக்காத, அப்பறம் நீயும் இருக்க மாட்ட, தாளும் இருக்காது.”

அந்த ஒரு வரியையும் நான் போடவில்லை. அதை வைத்து என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடிதம் எட்டாம் தேதி வந்தது. நாலு நாளாக அவளுக்கு வீடு கட்டினேன், கணவன் தேடினேன், பொருளறையைப் பூட்டினேன், மூன்று முடிவு செய்து கொடுத்தேன். படத்தை இணைத்து அனுப்ப ஒரு நிமிஷம் ஆகும்.

கதை என்று போட்டுவிட்டால் யாரும் என்னைக் கேட்க முடியாது, இதுவும் எனக்குத் தெரிந்துதான் செய்கிறேன். உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, வேலையும் நிலைக்கும். பாம்பும் சாகாது, தடியும் உடையாது என்று பழமொழியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அவமானமாகத்தான் இருக்கிறது. அவமானமாக இருக்கிறது என்று எழுதுவதுகூடக் கொஞ்சம் சுகமாக இருக்கிறது பாருங்கள், அதுதான் இந்தத் தொழிலின் கேடு.

முழுப் படம் திரையில் திறந்திருக்கிறது. அவளுடைய முகவரியை மேலே அடித்துவைத்திருக்கிறேன். அவளுடைய நிஜப் பெயரோடு.

இன்று பன்னிரண்டாம் தேதி. அவளுடைய கெடு பதினெட்டு. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவது இருபதாம் தேதி. ஆக, நீங்கள் இதைப் படிக்கும்போது நான் அனுப்பினேனா இல்லையா என்பது முடிந்துபோன விஷயம், எனக்குத்தான் இன்னும் தெரியாது. வெட்டியதையும் சேர்த்து என்னை முழுசாகப் பார்த்தவர்கள் நீங்கள். சொல்லுங்கள், அனுப்பியிருப்பேனா?